கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ எந்த லாரிப் பட்டறைக்குள் நுழைந்தாலும் தரை கறுத்துத்தான் கிடக்கும். அந்தக் கறுப்பைக் காட்டிக் கேட்டால் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “டீசல் வண்டின்னா ஆயில் ஒழுகத்தானுங்க செய்யும். ஒழுகலைன்னா உள்ளே ஆயிலே இல்லைன்னு அர்த்தம்.” ஓட்டுநரும் கிளீனரும் இதைச் சொல்கிறார்கள். பல வண்டிகளை வைத்து நடத்தும் முதலாளியும் இதையே சொல்கிறார். இத்தனை பேர் சொல்வதால் அது அனுபவம் தந்த அறிவு போலவே ஒலிக்கிறது.

ஒழுகல் அளவு மீறும்போது இன்னொரு தீர்ப்பு வரும். “பின்னாடி கிராங்க் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்.” இவ்வளவு நாளும் இயல்பு என்று விடப்பட்டது ஒரே நாளில் பெரிய வேலையாகிவிடுகிறது. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஒரு வேலை மட்டும் யார் வாயிலும் வருவதில்லை. ஆயில் எங்கிருந்து வருகிறது என்று என்ஜினைக் கழுவிவிட்டுப் பார்ப்பதுதான் அது. அதைச் செய்யாததால்தான் ‘டீசல் என்றால் ஒழுகும்’ என்ற நம்பிக்கை இன்னும் உயிரோடிருக்கிறது. அது தவறான நம்பிக்கை, செலவு வைக்கும் நம்பிக்கை, சில வேளைகளில் வண்டியையே எரித்துவிடக்கூடிய நம்பிக்கை.

இது எங்கிருந்து வந்தது என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பழைய என்ஜின்களில் டேப்பட் கவரிலும் சம்பிலும் இருந்தது தக்கைப் பேக்கிங். கிராங்கின் பின்முனையில் இன்றைய உதட்டுச் சீலுக்குப் பதிலாகக் கயிறு போன்ற பேக்கிங்கை இரண்டு பாதியாக அழுத்தி வைத்த என்ஜின்கள் பல. தக்கை வெப்பத்தில் காய்ந்து சுருங்கும், கயிறு தேயும். அவற்றை ஓட்டிய தலைமுறை ஒழுகலைப் பார்த்தது உண்மை.

அமெரிக்காவிலும் இதே பேச்சு உண்டு. அங்கே அது டெட்ராய்ட் டீசலின் இருவீச்சு என்ஜின்களைப் பற்றிக் கிளம்பியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1938-இல் அறிமுகப்படுத்திய 71 வரிசை என்ஜின்கள் லாரி, பேருந்து, படகு, டாங்கி என்று எல்லாவற்றிலும் ஓடின. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 71 கன அங்குலம், பெயர் அதிலிருந்து வந்தது. அவை நின்ற இடத்திலெல்லாம் எண்ணெய்த் திட்டு இருக்கும். அதற்குக் காரணம் வடிவமைப்பிலேயே இருந்தது. இருவீச்சு டீசலில் புளோயர் ஒன்று காற்றைச் சிலிண்டர்களைச் சுற்றியிருக்கும் காற்றறைக்குள் தள்ளும். ரிங்குகள் சுவரில் விட்டுச்செல்லும் ஆயிலும், காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கும் ஈரமும் அந்த அறையின் அடியில் சேரும். அவை தேங்காமலிருக்கத் தயாரிப்பாளரே பிளாக்கின் பக்கவாட்டில் வடிகுழாய் வைத்தார். அறையின் காற்றழுத்தமே அந்தக் கசடை வெளியே தள்ளியது. தரையில் விழுந்த எண்ணெயில் ஒரு பகுதி, வழி அமைத்து வெளியே விடப்பட்ட எண்ணெய். அந்தக் குழாயிலிருந்து அளவுக்கு மீறி வடிந்தால் ரிங்குகளையோ புளோயர் சீலையோ பார்க்க வேண்டும் என்பது அந்த என்ஜினைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆக, ஒழுகலுக்குப் பேர்போன அந்த என்ஜினில்கூட ஒவ்வொரு துளிக்கும் ஒரு முகவரி இருந்தது. இன்று தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் நான்குவீச்சு என்ஜின்களில் அப்படி ஒரு காற்றறையும் கிடையாது, வடிகுழாயும் கிடையாது. அந்தப் பழைய பேச்சு மட்டும் ஏன் இருக்க வேண்டும்?

என்ஜினுக்குள் இருக்கும் ஆயில் வெளியே வர வழி ஒன்று வேண்டும், அந்த வழியில் தள்ள விசை ஒன்றும் வேண்டும். தள்ளும் விசைகள் மூன்றுதான். ஆயில் பம்ப்பின் அழுத்தம் ஒன்று. ஃபில்டர் தலை, ஆயில் கூலர், டர்போவுக்குப் போகும் குழாய், பிரஷர் ஸ்விட்ச், ஏர் கம்ப்ரசருக்குப் போகும் குழாய் ஆகியவற்றில் அது இருக்கும். இந்த இடங்களில் விட்டால் ஆயில் சொட்டாது, பீய்ச்சும். என்ஜின் ஓடும்போது மட்டும் பீய்ச்சும். அடுத்தது தெறிப்பும் வடிதலும். டேப்பட் கவர், டைமிங் கவர், சம்ப் ஆகிய இடங்களில் ஆயிலுக்கு அழுத்தம் கிடையாது. சுவரில் பட்டு இறங்கி, பேக்கிங் விட்ட இடத்தில் கசியும். வண்டி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் வடியும். மூன்றாவது, கிராங்க் அறைக்குள் சேரும் வாயுவின் அழுத்தம். பட்டறையில் பெரும்பாலும் யாரும் நினைத்துப் பார்க்காதது இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். எந்த விசை தள்ளுகிறது என்று தெரிந்தால் தேட வேண்டிய இடங்களில் பாதி குறைந்துவிடும்.

வெளியே வந்த ஆயில் வந்த இடத்திலேயே நிற்காது. மேலிருந்து கீழே இறங்கும். ஃபேன் காற்றும் ஓட்டக் காற்றும் அதை முன்னிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டே போகும். போகிற வழியில் பிளாக்கின் விளிம்பு, போல்ட் தலை, ஒயர் கட்டு என எதையாவது பற்றிக்கொண்டு நகர்ந்து, கடைசியில் என்ஜினின் மிகத் தாழ்ந்த பின்கோடியில் சேரும். அங்கேதான் ஃப்ளைவீல் ஹவுசிங் இருக்கிறது, அதற்குள்ளே கிராங்க் பின்சீல் இருக்கிறது. டேப்பட் கவரில் கசிந்தாலும் சைடு கவரில் கசிந்தாலும் கம்ப்ரசரில் கசிந்தாலும் ஈரம் தெரிகிற இடம் ஒன்றே. மொட்டை மாடியில் விரிசல் விட்டால் அடுப்படிச் சுவரில் ஈரம் காட்டும். அதற்காக யாரும் அடுப்படிச் சுவரை இடித்துக் கட்டுவதில்லை. என்ஜினுக்கு மட்டும் அதைச் செய்கிறோம்.

ஓர் என்ஜினை எடுத்துக்கொண்டால் விளங்கும். டாடா லாரிகளில் பல ஆண்டுகள் ஓடிய கம்மின்ஸ் 6பிடி என்ஜின், 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர். 1993-இல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் அதை ஜாம்ஷெட்பூரில் தயாரித்தது. அதன் பிளாக்கின் பக்கத்தில், டீசல் பம்ப்புக்குப் பின்னால் மறைந்தாற்போல் நீளமான தகட்டு மூடி ஒன்று இருக்கிறது. புஷ் ராடு அறையை மூடும் சைடு கவர் அது. ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் அதன் ரப்பர் பேக்கிங் கல்லாகிவிடும். கசிவு தொடங்கினால் ஆயில், டீசல் பம்ப்புக்குப் பின்னால் கண்ணில் படாமல் இறங்கி, சம்ப் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடியில் சொட்டும். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பவருக்குக் கிராங்க் சீல் போனது போலவே தெரியும். இந்த என்ஜினைப் போட்டு ஓடிய அமெரிக்க டாட்ஜ் வண்டிகளிலும் இதே ஏமாற்றம் நடந்திருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கிச் சீல் மாற்றி, திரும்ப ஏற்றி, மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே சொட்டைப் பார்ப்பார்கள். அப்போது வரும் வார்த்தையும் பழையதுதான்: டீசல் என்றால் அப்படித்தான்.

இதே என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி டேப்பட் கவர், மொத்தம் ஆறு. கடைசிக் கவரில் விட்டால் ஆயில் பிளாக்கின் பின்முகத்தில் நேராக இறங்கும். பெல் ஹவுசிங்குக்குள்ளேயே ஆயில் இருந்தாலும் கிராங்க் சீல்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது. கேம் ஷாஃப்டின் பின்துளையை அடைக்கும் தகட்டு மூடி அங்கே இருக்கிறது, அதுவும் கசியும். கியர்பாக்ஸ் முன் ஷாஃப்ட்டின் சீல் விட்டாலும் அங்கேதான் வந்து சேரும். விரலில் தொட்டு முகர்ந்தாலே பாதி தெரியும்: கியர் ஆயிலுக்குக் கந்தக நாற்றம் உண்டு, என்ஜின் ஆயிலுக்கு அது கிடையாது. டீசல் கலந்திருந்தால் விரலில் வழுவழுப்புக் குறைந்து மெலிதாக இருக்கும், வாடையே காட்டிக்கொடுக்கும். பவர் ஸ்டியரிங் ஆயில் வேறு மாதிரி. ஒழுகுவது எது என்பதைக்கூட உறுதி செய்யாமல் எதைக் கழற்றுவது?

தேடுவதற்கு வேண்டியவை விலை உயர்ந்தவை அல்ல. முதலில் முழுக்கக் கழுவ வேண்டும். பழைய மசகும் மண்ணும் அப்பிக் கிடக்கிற என்ஜினில் கசிவைத் தேடுவது வீண். டீசலோ கழுவு திரவமோ போட்டு ஊறவைத்து, ஆறிய என்ஜினில், ஆல்டர்னேட்டரையும் ஸ்டார்ட்டரையும் மூடிவிட்டுத் தண்ணீர் அடிக்க வேண்டும். சூடான டீசல் பம்ப்பின் மேல் குளிர்ந்த தண்ணீரைப் பாய்ச்சினால் உள்ளே நுண்ணிய இடைவெளியில் ஓடும் உறுப்புகள் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிறகு காற்றடித்துக் காயவைத்து, சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் முகப்பவுடரைத் தூவ வேண்டும். வெள்ளைப் பூச்சில் முதல் கசிவு கறுப்புக் கோடாகத் தெரியும். ஐடிலில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், சூடேறியபின் பார்க்க வேண்டும், பாரத்தோடு ஓட்டிவந்து பார்க்க வேண்டும். சில கசிவுகள் குளிர்ந்த ரப்பரில் மட்டும் வரும், சூடேறினால் தானே அடங்கும். வேறு சில, சேலத்திலிருந்து தொப்பூர் போகிற சாலையில் பாரத்தோடு மேடேறும்போது மட்டும் வரும்; பட்டறையில் நின்றபடி எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் காட்டாது.

தேடும் கண்ணுக்கு விதி ஒன்றுதான்: நனைந்திருக்கும் இடங்களில் எது மிக மேலே இருக்கிறதோ, எது மிக முன்னே இருக்கிறதோ அதுவே மூலம். சொட்டும் இடத்தில் தொடங்கி மேலே போக வேண்டும். ஒரு டார்ச்சும் பல் மருத்துவர் வைத்திருப்பதுபோல நீளக் காம்புள்ள கண்ணாடியும் இருந்தால் பம்ப்புக்குப் பின்னாலும் மேனிஃபோல்டுக்குக் கீழும் பார்க்கலாம். அதிலும் பிடிபடாவிட்டால் ஆயிலில் ஒளிரும் சாயத்தைக் கலந்து ஓட்டி, இருட்டில் புற ஊதா விளக்கை அடித்துப் பார்க்கும் முறை இருக்கிறது. கசிந்த வழி முழுவதும் மஞ்சள் பச்சையாக எரியும். இந்த விளக்கும் சாயமும் ஏ.சி. மெக்கானிக்குகளிடம் சாதாரணமாகப் புழங்குபவை. லாரிப் பட்டறைகளில் அவை அரிதாக இருப்பதற்கு விலை காரணமாக இருக்க முடியாது. தேடவேண்டும் என்ற எண்ணம்தான் அங்கே அரிது.

இப்போது அந்த மூன்றாவது விசை. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் கிராங்க் அறைக்குள் இறங்கும். புது என்ஜினிலும் இறங்கும். மெக்கானிக்குகள் இதைப் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். அது வெளியேறத்தான் பிரீதர். பிரீதர் குழாய் மண்ணாலும் கசடாலும் அடைந்தாலோ, மடங்கிப்போனாலோ, உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் எந்தச் சீல் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். ஒரே சமயத்தில் நாலைந்து இடங்களில் கசிகிற என்ஜினைக் கண்டால் ‘எல்லாப் பேக்கிங்கும் போச்சு’ என்று சொல்வது வழக்கம். எல்லாப் பேக்கிங்கும் ஒரே வாரத்தில் கெட்டுப்போவது அபூர்வம். பிரீதரை முதலில் பார்த்திருந்தால் ஒரு குழாயைக் கழற்றி டீசலில் அலசிப் போடுவதோடு வேலை முடிந்திருக்கலாம்.

சந்தேகமிருந்தால் அளக்கலாம், அதற்கும் பெரிய கருவி வேண்டியதில்லை. கிராங்க் அறை அழுத்தம் மிகச் சிறியது என்பதால் அதை நீர்மட்ட உயரத்தில்தான் சொல்வார்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை வளைத்துப் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஆயில் ஸ்டிக் துளையில் காற்றுப் போகாமல் பொருத்தி, மறுமுனையைத் திறந்து விட்டால், இரண்டு பக்கமும் நீர்மட்டத்தில் எவ்வளவு வித்தியாசம் வருகிறதோ அதுதான் அழுத்தம். என்ஜினுக்குரிய வரம்பு தயாரிப்பாளரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். பிரீதர் சுத்தமாக இருந்தும் மட்டம் வரம்பை மீறினால் அப்போது ரிங், லைனர் பற்றிப் பேசலாம்; பிரேக் காற்றுக்கான கம்ப்ரசரின் ரிங் தேய்ந்தாலும் அதன் காற்று கிராங்க் அறைக்குள் இறங்கும் என்பதால் அதையும் பார்க்க வேண்டும். இந்த வரிசையில் போகாமல் புதுச் சீலை மாட்டினால் அந்தச் சீலையும் அதே அழுத்தம் அடுத்த மாதம் தள்ளும்.

டர்போவின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். டர்போவுக்கு ஆயில் அழுத்தத்தோடு வரும், திரும்பிப் போவது மட்டும் தானாக வடிந்து. அந்த வடிகுழாய் நசுங்கினாலோ, உள்ளே கரி பிடித்தாலோ, கிராங்க் அறை அழுத்தம் ஏறி வடிவதைத் தடுத்தாலோ, ஆயில் டர்போவின் நடுக்கூட்டில் தேங்கி இருபுறமும் கசியும். ஒருபுறம் காற்றுக் குழாய் நனையும், மறுபுறம் சைலன்சரில் புகை வரும். ‘டர்போ போச்சு’ என்று பெரிய தொகைக்குப் புது டர்போ வாங்கிப் போடுவார்கள். வடிகுழாய் அடைந்தபடியே இருந்தால் புது டர்போவும் ஒழுகும்.

ஒழுகல் டீசலின் குணம் என்ற நம்பிக்கைக்குச் சாட்சி சேர்த்துக் கொடுப்பதும் பல வேளைகளில் பட்டறைதான். டேப்பட் கவரிலோ சம்பிலோ கசிகிறதா, இன்னும் இரண்டு சுற்று இறுக்கு என்பார்கள். தகட்டு மூடியை அளவுக்கு மேல் இறுக்கினால் போல்ட் துளையைச் சுற்றித் தகடு குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே மேலெழும்பிவிடும். பேக்கிங்கும் பிதுங்கிக் கிழியும். கசிவு கூடும். சம்பைத் திரும்பப் பூட்டும் முன் அந்தக் குழிவுகளைத் தட்டி நேராக்க வேண்டும், டார்க் ரெஞ்ச் வைத்துப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். இதைச் செய்கிற பட்டறைகள் இருக்கின்றன, அங்கே செய்த சம்ப் ஒழுகுவதில்லை.

சிலிக்கான் பேஸ்ட்டை அப்புவது இன்னொன்று. பேஸ்ட் நல்ல பொருள். சுத்தமான, எண்ணெய்ப் பசையற்ற முகத்தில் மெல்லிய கோடாகப் போட்டு, சொன்ன நேரம் உலரவிட்டால் வேலை செய்யும். எண்ணெய் வழியும் முகத்தில் விரல் கனத்துக்கு அப்பி உடனே ஸ்டார்ட் செய்தால் ஒட்டாது. வெளியே பிதுங்கியதைப் போலவே உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அந்தத் துண்டுகள் உதிர்ந்து சம்புக்குள் விழுந்து ஆயில் பம்ப்பின் வலையில் போய் அடைக்கும். ஒழுகலை நிறுத்தப்போய் பேரிங்கைக் காவு கொடுத்த என்ஜின்கள் உண்டு.

கிராங்க் பின்சீலே உண்மையில் போயிருந்தாலும் மாற்றும் விதம் முக்கியம். பழைய ரப்பர் சீல்களுக்கு உதட்டில் ஆயில் தடவிப் பூட்டிப் பழகிய கைகள், இன்று வரும் டெஃப்லான் உதட்டுச் சீல்களுக்கும் அதையே செய்கின்றன. 6பிடி உள்ளிட்ட பல என்ஜின்களில் இந்தச் சீலை உலர்ந்த நிலையில்தான் பூட்ட வேண்டும். கிராங்க் முகத்திலும் உதட்டிலும் ஆயில் ஒட்டாமல் துடைத்து, சீலோடு வரும் பிளாஸ்டிக் வழிகாட்டி வளையத்தின் மேல் ஏற்றித் தள்ள வேண்டும். உதடு முதல் சுழற்சியில் கிராங்கில் மெல்லிய படலத்தைப் பதிய வைத்துக்கொள்ளும், அந்தப் படலத்தின் மேல்தான் அது அடைக்கிறது. ஆயில் தடவினால் படலம் பதியாது, சீல் புதிதாக இருந்தபடியே கசியும். பழைய சீல் கிராங்கில் பள்ளம் போட்டிருந்தால், அதே இடத்தில் புதுச் சீலை வைத்தும் பயனில்லை. மெல்லிய உறை ஏற்ற வேண்டும் அல்லது உதடு வேறு இடத்தில் உட்காரும்படி ஆழத்தைச் சற்று மாற்ற வேண்டும். இவற்றைச் செய்யாமல் இரண்டு முறை மாற்றி இரண்டு முறையும் ஒழுகினால், குற்றம் டீசல் என்ஜினின் மேல் விழுகிறது.

‘மாதம் கொஞ்சம் ஊற்றிவிட்டால் போகிறது, பட்டறையில் நிறுத்தினால் டியூ யார் கட்டுவது?’ என்பது முதலாளிகளின் வாதம். இது அலட்சியத்தால் வருவதில்லை, நெருக்கடியில் வருகிறது. அதனால் கணக்குப் போட்டே பேசலாம். பத்து விநாடிக்கு ஒரு சொட்டு, நாளைக்குப் பத்து மணி நேரம் ஓட்டம், ஒரு மில்லி லிட்டருக்கு 25 சொட்டு என்று வைத்தால் நாளைக்கு 144 மில்லி. மாதம் 25 நாள் ஓடினால் 3.6 லிட்டர். லிட்டர் 300 ரூபாய் என்றால் ஆயிலுக்கு 1,080 ரூபாய். இந்தத் தொகையோடு செலவு நின்றுவிட்டால் முதலாளியின் பேச்சை ஒப்புக்கொள்ளலாம். நிற்பதில்லை. ஆயிலில் ஊறிய என்ஜின் மவுண்டிங் ரப்பர் வீங்கி நெகிழும். ரேடியேட்டர் ஹோஸும் ஃபேன் பெல்ட்டும் சீக்கிரம் போகும். கிளட்ச் பிளேட்டில் பட்டால் மேட்டில் வழுக்கும். ஒழுகுவதால் ஓட்டுநர் முன்கூட்டியே மட்டத்துக்கு மேல் ஊற்றிவிடுவார். கூடுதல் ஆயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்கும், அதனால் இன்னும் ஒழுகும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய நட்டம் ஒன்று இருக்கிறது. ஒழுகலை இயல்பு என்று ஏற்றுக்கொண்டபின் ஆயில் குறைவதெல்லாம் ஒழுகல் கணக்கிலேயே எழுதப்படும். ரிங் தேய்ந்து ஆயில் எரியத் தொடங்கினாலும், ஆயில் கூலர் உடைந்து தண்ணீரில் கலந்தாலும், கம்ப்ரசர் வழியாகப் பிரேக் காற்றுத் தொட்டிக்குள் ஆயில் போனாலும் யாருக்கும் சந்தேகம் வராது. காற்றுத் தொட்டியை வடிக்கும்போது ஆயில் வருகிற வண்டியில் பிரேக் வால்வுகளின் ரப்பர் என்ன கதியாகும் என்று சொல்லத் தேவையில்லை.

நெருப்பைப் பற்றியும் பேச வேண்டும். பாரத்தோடு மேடேறும் லாரியில் டர்போவுக்குள் நுழையும் புகையின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். என்ஜின் ஆயிலின் ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை 200 டிகிரிக்குச் சற்று மேலே. கப்பல் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை, என்ஜின் அறையில் எண்ணெய் படக்கூடிய 220 டிகிரிக்கு மேல் சூடாகும் பரப்புகளை உறையிட்டு மூடச் சொல்கிறது. எண்ணெய் கசியாது என்ற நம்பிக்கையில் எழுதிய விதியல்ல அது. கசிந்தால் என்ன ஆகும் என்று அறிந்தவர்கள் எழுதியது. லாரியில் அப்படி உறை பெரும்பாலும் இருப்பதில்லை, இருந்த தகடும் ஏதோ ஒரு வேலையில் கழற்றப்பட்டுத் திரும்ப மாட்டப்படாமல் போயிருக்கும்.

டீசல் இல்லை என்றாலும் ஓர் உதாரணம் இங்கே பொருந்தும். ஜெனரல் மோட்டார்ஸின் 3.8 லிட்டர் வி-6 பெட்ரோல் கார்களில் டேப்பட் கவர் பேக்கிங் கசிந்தது. பலமாகப் பிரேக் போட்டால் சில துளிகள் சூடான மேனிஃபோல்டில் விழும், புகையும், தீப்பிடிக்கும். 2009-இல் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அப்போது செய்தது, தீயைப் பரப்பும் பிளாஸ்டிக் ஒயர்ப் பிடிப்புகளை மாற்றியது. கசிவைத் தொடவில்லை. அப்படிச் சரிசெய்யப்பட்ட கார்களிலும் ஆயிரத்துக்கு மேல் தீப்பிடித்தன. 2015 அக்டோபரில் சுமார் 14 லட்சம் கார்களை மறுபடி அழைத்து, இம்முறை டேப்பட் கவர் பேக்கிங்கையே மாற்றினார்கள். உலகின் மிகப் பெரிய வாகன நிறுவனங்களில் ஒன்று, ‘சில துளிதானே’ என்பதன் விலையை இரண்டு முறை கொடுத்தது.

கெட்டியான ஆயில் ஊற்றினால் நிற்கும், கடையில் விற்கும் ஒழுகல் தடுப்பு மருந்தை ஊற்றினால் நிற்கும் என்பதும் பரவலான யோசனை. அந்த மருந்தில் இருப்பது பழைய ரப்பரை வீங்க வைக்கும் ரசாயனம். காய்ந்து சுருங்கிய ரப்பர் சீலில் சில நாள் பலன் தெரியலாம். விரிசல் விட்ட கவரையும், தளர்ந்த பஞ்சோ போல்ட்டையும், தேய்ந்த செம்பு வாஷரையும், டெஃப்லான் சீலையும், அடைந்த பிரீதரையும் அது என்ன செய்யும்? கெட்டி ஆயில் குளிர்ந்த காலையில் டர்போ பேரிங்குக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் இந்த யோசனை இன்னும் ஆபத்தானது. புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உள்ள என்ஜினுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும். கைக்குக் கிடைத்ததை ஊற்றினால் அந்தச் சாம்பல் ஃபில்டரில் சேர்ந்து அடைக்கும். பல பிஎஸ்-6 என்ஜின்களில் பிரீதருக்கும் தனி ஃபில்டர் உண்டு, அதை உரிய கிலோமீட்டரில் மாற்றாவிட்டால் கிராங்க் அறை அழுத்தம் ஏறி ஒழுகல் தொடங்கும். புது வண்டியும் ஒழுகுகிறதே என்று அங்கலாய்க்கிறவர்கள் அந்த ஃபில்டரை மாற்றிய தேதியைப் பார்க்க வேண்டும்.

என்ஜின் மேல் தெரியும் ஒவ்வொரு ஈரத்துக்கும் பட்டறைக்கு ஓட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. துளியாகச் சேராமல் மெல்லிய படலமாக நிற்கும் வேர்வையைத் துடைத்துவிட்டுக் கவனித்து வந்தால் போதும். ஆனால் அப்படிக் கவனிப்பதற்கும் அது எங்கிருந்து வேர்க்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே விடுவது ஒரு முடிவு. தெரியாமல் விடுவதை முடிவு என்று சொல்ல முடியாது.

நேரமில்லை என்பதில் பாதி உண்மைதான் இருக்கிறது. கழுவி, காயவைத்து, பவுடர் தூவி, ஓட்டிப் பார்க்க அரை நாள் போதும். கியர்பாக்ஸை இறக்கி ஏற்ற ஒன்றரை, இரண்டு நாள். அரை நாள் இல்லாதவருக்கு இரண்டு நாள் எப்படி வந்தது? வந்ததற்குக் காரணம் பட்டறைக் கூலி போடும் முறை. கழற்றி மாட்டியதற்குக் கூலி உண்டு, மாற்றிய சாமானுக்கு விலை உண்டு. தேடிக் கண்டுபிடித்ததற்கு மட்டும் கூலி கிடையாது. பிரீதரை அலசி ஒழுகலை நிறுத்திய மெக்கானிக் கேட்கக்கூடியது நூறு, இருநூறு. அதே வண்டிக்குக் கியர்பாக்ஸை இறக்கியவருக்குச் சில ஆயிரம். கண்ணால் தேடுகிற திறமைக்கு விலை வைக்காத தொழிலில் அந்தத் திறமை குறைந்துபோவதில் வியப்பென்ன இருக்கிறது? மெக்கானிக்கைக் குறை சொல்வதும் முதலாளியைக் குறை சொல்வதும் அதனால் பாதி நியாயமே.

மாற்ற வேண்டியது பில்லில் இருக்கிறது. ‘கழுவிச் சோதித்த கூலி’ என்று ஒரு வரியை முதலாளியே கேட்டு எழுதச் சொல்லி, சாமான் ஏதும் மாற்றாவிட்டாலும் அதைக் கொடுத்துவிட வேண்டும். கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று சொல்லப்படும்போது, கழுவிய என்ஜினில் ஆயில் இறங்கிய கோட்டைக் காட்டச் சொல்ல வேண்டும்; ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடிமூடியைத் திறந்து, ஆயில் உள்ளிருந்து வருகிறதா வெளிச்சுவரில் வழிந்திருக்கிறதா என்று சேர்ந்தே பார்க்க வேண்டும். பிரீதரைக் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து முதல் நடை போய்வந்ததும் மறுபடி துடைத்து, அதே டார்ச்சோடு அதே இடங்களைப் பார்த்து, ஆயில் மட்டத்தை டிரிப் ஷீட்டில் எழுதி வைக்க வேண்டும். ஓட்டுநருக்கு இது கூடுதல் வேலை, அதற்கு அவருக்கும் படி கொடுக்கலாம்.